கொய்யாக் கட்டைப் புகை

சனிக்கிழமை ராத்திரி புருஷன் அரிகிருஷ்ணன் கழற்றிப் போட்டிருந்த சட்டையை மறுநாள் காலை துவைக்க எடுத்தபோதுதான் லோகநாயகிக்கு அந்த வாசனை தட்டுப்பட்டது. வாளியில் முக்கப் போனவள் அப்படியே நிறுத்திக் காலரை மூக்கருகே கொண்டுபோனாள். வியர்வை, மொபெட்டின் பெட்ரோல், அதற்கெல்லாம் அடியில் விறகுப் புகை.

விறகுப் புகை விஷயத்தில் அவளை ஏமாற்ற முடியாது. மேற்குத் தாம்பரத்தில் விறகுத்தொட்டி வைத்து விறகு வியாபாரம் செய்த சுப்பராயலுவின் ஒரே மகள் அவள். கல்யாணமாகிச் சிட்லபாக்கத்துக்கு வரும்வரை தொட்டியை ஒட்டிய வீட்டிலேயே வளர்ந்தவள். தெருவில் எந்த வீட்டில் என்ன கட்டை எரிகிறது என்று வாசலில் நின்றபடியே சொல்லிவிடுவாள். சவுக்கு எரிந்தால் காய்ந்த, சுத்தமான வாசனை, கண்ணைக் கரிக்காது. வேலிகாத்தான் சுருக்கென்று மூக்கின் உச்சிக்கு ஏறும். வேப்பங்கட்டை எரிக்கிற வீட்டுச் சோறு கசக்கும் என்றே சின்ன வயதில் நம்பிக்கொண்டிருந்தாள். தைலமரத்தை யாராவது பற்றவைத்தால் ஜலதோஷக்காரன் பக்கத்தில் வந்து உட்கார்ந்த மாதிரி இருக்கும்.

இந்தச் சட்டையில் இருந்தது அவற்றில் எதுவும் இல்லை. வெல்லப்பாகு அடிபிடிக்கப் போகிற நேரத்தில் எழும்புமே, அந்த மாதிரி இனிப்பும் கருகலும் கலந்த வாசனை. கொய்யாக் கட்டை.

அவர்கள் வீட்டில் விறகு எரிந்து வெகுநாளாயிற்று. கேஸ் வந்துவிட்டது. வெந்நீருக்குக்கூட அடுப்பு மூட்டுவதில்லை.

"நேத்து எங்க போயிருந்தீங்க?" என்று காபியை நீட்டிக்கொண்டே கேட்டாள்.

"எங்க போவேன்? ஆபீஸ் அரை நாள். அப்புறம் தொட்டிக்கு."

"சட்டையில புகை வாசனை வருது."

"விறகுத்தொட்டிக்குப் போய் வந்தா விறகு வாசனை வராம மல்லிப்பூ வாசனையா வரும்?" என்று சிரித்தான் அரிகிருஷ்ணன்.

"தொட்டியில விறகை விக்கறாங்க. எரிக்கறதில்ல."

அவன் தம்ளரைச் சுழற்றிச் சுழற்றி ஆற்றினான். "பொன்னுசாமி டீ போட்டான். மூணு கல்லு வெச்சு, ரெண்டு குச்சி எரிச்சு. அதையும் மோப்பம் பிடிச்சுட்டியா?"

அவள் உள்ளே போய்விட்டாள். சொன்னது பொய். தொட்டிக்குள் நெருப்பு என்ற பேச்சுக்கே இடமில்லை. பீடி பற்றவைத்த ஆளை அப்பா அந்த நிமிஷமே வெளியே அனுப்பியதை அவள் கண்ணால் பார்த்திருக்கிறாள். பொன்னுசாமி அப்பாவிடம் இளவயதிலேயே வந்து சேர்ந்தவன். டீ வேண்டுமென்றால் ரோட்டைக் கடந்து போய்க் குடித்துவிட்டு வருவானே தவிர உள்ளே தீக்குச்சி உரசமாட்டான்.

போன பங்குனியில் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது; பேச்சும் போய்விட்டது. அதிலிருந்து சனிக்கிழமைதோறும் அரிகிருஷ்ணன்தான் தொட்டியைப் போய்ப் பார்த்துக்கொள்கிறான். மாப்பிள்ளை தங்கமானவர் என்று அம்மா கங்கம்மா தெருவெல்லாம் சொல்லிப் பூரித்தாள். லோகநாயகிக்கும் பெருமையாகத்தான் இருந்தது, அந்தச் சட்டையை முகர்ந்து பார்க்கும்வரை.

அடுத்த சனிக்கிழமையும் அதே வாசனை. அதற்கடுத்த வாரம் அவனாகவே சட்டையை அலசிக் கொடியில் போட்டிருந்தான். கல்யாணமான நாளிலிருந்து தன் கைக்குட்டையைக்கூடத் துவைத்தறியாத மனுஷன். ஈரச் சட்டையைப் பார்த்தபடி அவள் கொல்லையில் நின்றாள். ஏழெட்டு வருஷமாகக் குழந்தையில்லை. அதைப் பற்றி அவன் ஒருநாளும் ஒரு வார்த்தை பேசியதில்லை. அந்த மௌனத்தை இத்தனை நாள் பெருந்தன்மை என்று நினைத்திருந்தாள். இப்போது அதற்கு வேறு அர்த்தம் தோன்றியது.

வாரநாள் ஒன்றில், அவன் ஆபீஸ் போனதும், பஸ் ஏறித் தொட்டிக்குப் போனாள்.

"வா பாப்பா, இன்னா இந்த நேரத்துல?" என்று எழுந்தான் பொன்னுசாமி.

அவள் நேராகப் பின்பக்கம் நடந்தாள். தகரக் கொட்டகைக்குப் பின்னால், மழை படாத மூலையில், கொய்யாக் கட்டை தனியாக அடுக்கியிருக்கும். படப்பை பக்கத்துத் தோப்பு ஒன்றிலிருந்து வருஷத்துக்கு ஒருமுறை வரும். அப்பா அதை விற்பனைக்கு வைத்ததேயில்லை. சின்னப் பெண்ணாக இருந்தபோது காரணம் கேட்டிருக்கிறாள். ஓட்டல்காரருக்குப் பேசி வைத்தது என்பார். இப்போது அந்த அடுக்கில் பாதிக்கு மேல் காலி.

"இந்தக் கட்டையெல்லாம் எங்க போச்சு?"

"வித்துப்போச்சு பாப்பா."

"யாருக்கு?"

"எவனோ ஓட்டல்காரன்."

"எந்த ஊர் ஓட்டல்?"

பொன்னுசாமி தலைத்துண்டை அவிழ்த்தான், உதறினான், மறுபடி கட்டினான். "அனகாபுத்தூர்ல இன்னாமோ பேரு சொன்னாங்கோ. எனுக்கு ஞாபகம் இல்ல. மாப்ள சாரே மொபெட்ல கட்டிகினு பூடுவாரு." சொன்ன பிறகுதான் சொல்லியிருக்கக் கூடாது என்று அவனுக்கு உறைத்தது. "நீ ஒண்ணும் மன்சுல வெச்சிக்காத பாப்பா" என்றான் அவசரமாக.

மனதில் வைத்துக்கொள்ளாமல் இருப்பது எப்படி? தன் அப்பா வாயில்லாமல் கிடக்கிறார். அவர் பொத்திப் பொத்தி வைத்திருந்த கட்டையைத் தன் புருஷன் தூக்கிக்கொண்டு போய் எவள் வீட்டு அடுப்பிலோ வைக்கிறான்! அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை அம்மாவைப் பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டுப் பல்லாவரத்துக்குப் பஸ் ஏறினாள். அங்கிருந்து இன்னொரு பஸ். அனகாபுத்தூரில் இறங்கியபோது வெயில் சாய ஆரம்பித்திருந்தது. யார் வீடு என்று எவரிடம் கேட்பது? என் புருஷன் வந்து போகிற வீடு எது என்றா கேட்க முடியும்? ஆற்றைப் பார்த்து இறங்குகிற சந்துகளில் நடந்தாள். இரண்டு பக்கமும் தறிச் சத்தம். அடுப்பு மூட்டுகிற நேரம் அது. ஒரு வீட்டில் பனைமட்டை எரிந்தது. அடுத்த இரண்டில் வேலிகாத்தான். ஒரு திருப்பத்தில் வறட்டிப் புகை எல்லாவற்றையும் மூடிக்கொண்டது. கடந்ததும் சவுக்கு. மூன்றாவது சந்தின் முனையில் காற்று ஆற்றுப் பக்கமிருந்து திரும்பியது. பாகு வாசனை வந்தது.

அவள் அதைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். வாசனை கூடக்கூட நடை வேகமானது. கடைசியில் ஓட்டு வீடு ஒன்று. வாசலில் அவர்கள் மொபெட். கொடியில் நீலப் பூப்போட்ட புதுச்சேலை ஒன்று காய்ந்துகொண்டிருந்தது. அந்தச் சேலையைப் பார்த்ததும் செருப்போடு உள்ளே நுழைந்தாள்.

அரிகிருஷ்ணன் தரையில் குந்தி, சின்னக் கத்தியால் கட்டையைச் சிம்பாக்கிக்கொண்டிருந்தான். அடுப்புக்கு எதிரே முக்காலியில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். தலை முக்கால்வாசி நரைத்திருந்தது. மூச்சு விடும்போதெல்லாம் மார்புக்குள்ளிருந்து விசில் அடிக்கிற மாதிரி ஒரு சத்தம் வந்தது.

"லோகா!" என்று எழுந்தான் அவன். கத்தி கீழே விழுந்தது.

அந்தப் பெண் அவளை நிமிர்ந்து பார்த்தாள். பயந்த மாதிரி தெரியவில்லை. "இதான் லோகநாயகியா?" என்றாள், மூச்சு வாங்க. "அப்பனோட மூக்கு அப்டியே கீது. உக்காரும்மா."

"நீங்க யாரு?"

"எம் பேரு மெட்டில்டா." சொல்லிவிட்டு அரிகிருஷ்ணனைப் பார்த்தாள்.

அவன்தான் சொன்னான். படுக்கையில் விழுவதற்கு முந்தின வருஷமே மாமா தன்னைக் கூப்பிட்டுச் சொன்னாராம். சைக்கிள் மிதித்து அவ்வளவு தூரம் போக முடியவில்லை. விறகை நீ கொண்டுபோய்ப் போடு. லோகாவுக்கும் அவள் அம்மாவுக்கும் தெரிய வேண்டாம். முன்பெல்லாம் கட்டையை வாசலில் இறக்கிவிட்டுத் திரும்பிவிடுவானாம்; மெட்டில்டாவுக்கு மூச்சு மோசமான பிறகுதான் அடுப்பும் மூட்டிக் கொடுக்கிறானாம். இதைச் சொல்லும்போது அவன் லோகநாயகியைப் பார்க்காமல் அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மெட்டில்டாவின் புருஷன் தறி நெய்தவன். அவன் செத்த பிறகு இவள் தறிக்காரர்களின் பாவு நூலுக்குக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்துப் பிழைத்தாள். "தாம்பரத்துல வெறகு மலிவுன்னாங்கோ. வாங்க வந்தவ இருமிகினே நின்னேன். உங்கப்பா பாத்தாரு. இத்த எரிச்சுப் பாரு, மார அடைக்காதுன்னு இந்தக் கட்டைய குடுத்தாரு. மெய்யாவே அடைக்கல. அப்பால அவரே எட்த்துகினு வந்தாரு." நிறுத்தி மூச்சைப் பிடித்துக்கொண்டாள். "அது ஆவுது இருவது வருசத்துக்கு மேல. அவரு வந்தா அந்தக் கதவாண்டதான் குந்துவாரு. ராத்திரி தங்கினது இல்ல. அத்தயாச்சும் உங்கம்மாகிட்ட சொல்லணும்னு நெனப்பேன்."

லோகநாயகி உட்காரவில்லை. தண்ணீர் கொடுத்ததையும் வாங்கவில்லை. மொபெட்டின் பின்னால் உட்கார்ந்து வீடு வந்து சேர்ந்தாள்.

அம்மாவிடம் சொல்லக் கூடாது என்றுதான் நினைத்திருந்தாள். ஆனால் மறுநாள் அம்மா அப்பாவுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டே மாப்பிள்ளையின் பெருமையை எடுத்தபோது எல்லாம் வெளியே கொட்டிவிட்டது.

கங்கம்மா முழுவதையும் கேட்டாள். கிண்ணத்தைக் கீழே வைத்தாள். முந்தானையால் புருஷனின் வாயைத் துடைத்தாள். மகளைக் கொல்லைப்பக்கம் கூட்டிக்கொண்டு போனாள்.

"உம் புருஷன் கெட்டிக்காரன்டி" என்றாள் மெதுவாக. "மாட்டிக்கிட்டதும், வாயத் திறக்க முடியாத மனுசன் தலையில கட்டிட்டான். உங்கப்பா எழுந்து வந்து இல்லன்னு சொல்லவா போறாரு?"

"அந்தம்மாவுக்கு வயசு அம்பதுக்கு மேலம்மா."

"அந்த வீட்ல அவ மட்டும்தான் இருக்கான்னு உனக்கு யார் சொன்னா?"

நீலப் பூப்போட்ட சேலை லோகநாயகியின் கண்முன் வந்து ஆடியது. நரைத்த தலைக்கு ஆகிற சேலையா அது? மூக்கு அப்பனைப் போல இருக்கிறது என்று யார் வேண்டுமானாலும் சொல்லலாமே. தான் வரப்போவது தெரிந்து இருவரும் முன்கூட்டியே பேசி வைத்திருந்தால்? பொன்னுசாமி சொல்லியிருப்பானோ? வீட்டில் அரிகிருஷ்ணன் சாப்பிடும்போது, பேப்பர் படிக்கும்போது, தூங்கும்போதெல்லாம் அவன் முகத்தையே ஆராய்ந்தாள். அவன் அதைக் கண்டும் காணாதவன்போல இருந்தான். ஒருமுறை மட்டும், "மாமாவைத்தான் கேக்கணும் நீ. என்னால வேற சாட்சி கொண்டுவர முடியாது" என்றான்.

அந்தப் பேச்சைச் சொன்னவன் மறந்திருப்பான். அவளால் மறக்க முடியவில்லை.

மறுபடி அம்மா வீட்டுக்குப் போனபோது தொட்டிக்குள் நுழைந்து கொய்யாக் கட்டையில் ஒரு கை எடுத்துக்கொண்டாள். அப்பா படுத்திருந்த அறையின் ஜன்னலுக்கு வெளியில்தான் வெந்நீர் அடுப்பு. தினமும் சவுக்கு எரியும். அன்றைக்கும் சவுக்குத்தான் எரிந்துகொண்டிருந்தது. அப்பா உத்தரத்தைப் பார்த்தபடி கிடந்தார். படுத்த நாளாக அப்படித்தான். யார் வந்தாலும் போனாலும் பார்வை அசையாது.

லோகநாயகி சவுக்கை வெளியே இழுத்து அணைத்துவிட்டுக் கொய்யாவை வைத்தாள்.

"என்னடி பண்ற?" என்றாள் கங்கம்மா.

"நீ அப்பா பக்கத்துல போய் நில்லும்மா. சும்மா நில்லு."

கட்டை நன்றாகக் காய்ந்திருந்தது; உடனே பிடித்துக்கொண்டது. மெல்லிய புகை ஜன்னல் கம்பிகளுக்கிடையே உள்ளே போயிற்று. அவள் பின்னாலேயே ஓடிவந்து அறை வாசலில் நின்றாள்.

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. அப்புறம் அப்பாவின் மூக்கு விடைத்தது. கண் உத்தரத்தை விட்டு இறங்கி, மகளைத் தாண்டி, பக்கத்தில் நின்ற மனைவியையும் தாண்டி, அறைக் கதவிடம் போய் நின்றது. நல்ல கை அசைந்தது. அந்த இடக்கையால் தட்டுத்தடுமாறி, விலகியிருந்த வேட்டியை இழுத்துச் சரிசெய்தார். கடைவாயில் வழிந்ததைப் புறங்கையால் துடைத்தார். பிறகு தலையைத் தடவி முடியைப் படியவைத்தார். யாரோ பார்க்க வரப்போகிற மாதிரி. இல்லை, இவர் யாரையோ பார்க்கப் போகிற மாதிரி.

கங்கம்மா அதைப் பார்த்தாள். முழுக்கப் பார்த்தாள். பிறகு விறுவிறுவென்று வெளியே போய், எரிகிற கட்டைகளை ஒவ்வொன்றாக உருவித் தண்ணீர்த் தொட்டியில் முக்கினாள். ஒவ்வொன்றும் சீறி அடங்கியது.

லோகநாயகிக்கு அழுகை வந்தது. புருஷன்மேல் விழுந்த பாரம் இறங்கியதற்கா, அம்மாமேல் அது ஏறியதற்கா என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. நீலச் சேலை பக்கத்துத் தறிக்காரியுடையதாக இருக்கும். அதைப்போய் எத்தனை நாள் மனதில் யாரோ ஒருத்திக்கு உடுத்திப் பார்த்தோம் என்று வெட்கமாகவும் இருந்தது.

கங்கம்மா அன்றைக்குச் சாயங்காலம் மகள் கிளம்பும்போது, "நல்லா சமைப்பாளா அவ?" என்று கேட்டாள்.

"தெரியலம்மா. மூச்சு விடவே கஷ்டப்படறாங்க."

கங்கம்மா தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "விறகை நிறுத்த வேணாம்னு உன் புருஷன்கிட்ட சொல்லு" என்றுவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஐப்பசி மழையில் சுப்பராயலு இறந்துபோனார். விடிகிற நேரம் தூக்கத்திலேயே போய்விட்டார். சேலையூரிலிருந்தும் செங்கல்பட்டிலிருந்தும் சொந்தக்காரர்கள் வந்து வாசலில் குடையும் கையுமாக நின்றார்கள். அழுகைக்கு நடுவில் கங்கம்மா மகளை அருகே இழுத்துக் காதில், "அங்க ஆள் அனுப்பிச் சொல்லு" என்றாள். லோகநாயகி அரிகிருஷ்ணனைத் தனியாகக் கூப்பிட்டாள். அவன் தயங்கினான். கூடியிருந்த கூட்டத்தை ஒருமுறை திரும்பிப் பார்த்தான். பிறகு மொபெட்டை எடுத்துக்கொண்டு மழையில் கிளம்பினான்.

திரும்பி வந்தபோது முழுக்க நனைந்திருந்தான். "சொல்லிட்டேன். வரலைன்னுட்டாங்க. உடம்பு முடியலையாம்."

கங்கம்மாவிடம் அதைச் சொன்னதும் அவள் நம்பவில்லை. "வருவா" என்றாள். பங்காளிகள் எடுக்கலாம் என்று அவசரப்படுத்தியபோது தாலிச் சரடு சிக்கிக்கொண்டது என்றாள். செங்கல்பட்டுக்காரர்களில் இன்னும் ஒருத்தர் வரணும் என்றாள். மழை கொஞ்சம் விடட்டும் என்றாள். அழுதுகொண்டே அவள் பார்வை தெருமுனைக்குப் போய்ப் போய் வந்தது. கடைசியில் யாரும் வரவில்லை. எடுத்துவிட்டார்கள்.

"நெஞ்சழுத்தக்காரி" என்றாள் கங்கம்மா அன்றைக்கு ராத்திரி. அதைச் சொன்ன குரலில் கோபத்தைவிட ஏமாற்றம்தான் அதிகமாக இருந்தது.

காரியமெல்லாம் முடிந்து மழையும் ஓய்ந்த ஒரு மத்தியானம் லோகநாயகி தனியாக அனகாபுத்தூருக்குப் போனாள். ஏன் வரவில்லை என்று ஒரு வார்த்தை கேட்டுவிட வேண்டும் என்று அம்மாவைவிட அவளுக்குத்தான் இருந்தது. ஆற்றுத் தண்ணீர் சந்துக்குள் ஏறி இறங்கிய சேறு இன்னும் காயவில்லை. மெட்டில்டா வாசலில் பழந்துணியால் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். இவளைக் கண்டதும் முகம் மலர்ந்து, கையைப் புடவையில் துடைத்தபடி எழுந்தாள்.

"வாம்மா, வா! உன் வூட்டுக்காரர் இத்தினி நாளா இந்தப் பக்கமே காணோமேன்னு பேஜாரா இருந்துச்சு. மழையில எங்க வர்றதுன்னு வுட்டுட்டேன்." முக்காலியை இழுத்துப் போட்டாள். "அப்பா எப்படி கீறாரு? இந்தக் குளிருல சளி கட்டிக்கும் அவருக்கு. மார்ல தைலம் தேச்சு வுடுங்கோ. பேசறாரா? எதுனா ஒரு வார்த்தையாச்சும் பேசறாரா?"

லோகநாயகி அசையாமல் நின்றாள். சொல்லிட்டேன் என்று அவன் நனைந்த தலையோடு சொன்னது காதில் கேட்டது. அவன் இந்தச் சந்துக்குள் வரவேயில்லை. எங்கேயோ ஒரு கடை ஓரமாக ஒதுங்கி நின்று, போய்வருகிற நேரத்தைக் கழித்து, மழையில் நனைந்து திரும்பியிருக்கிறான். சொந்தக்காரர்கள் முன்னால் இவள் வந்து நின்றால் என்ன ஆகுமோ என்று பயந்திருப்பான். மாமாவின் மானத்தைக் காப்பாற்றியதாக நினைத்திருப்பான். டீ என்று சொன்ன அதே முகத்தோடு, அதே குரலில், பிணம் கிடந்த வீட்டில் நின்று சொல்லியிருக்கிறான். இனி அவன் சொல்வதில் எதை எடுத்துக்கொள்வது, எதைத் தள்ளுவது? வீட்டுக்குப் போய்க் கேட்க வேண்டும். கேட்டால் அதற்கும் பதில் வைத்திருப்பான்.

அது பிறகு. இப்போது எதிரே நிற்கிற பெண் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பார்க்கப் பார்க்க அவளுடைய மூச்சின் விசில் சத்தம் ஏறியது.

"இன்னாம்மா? ஏன் நிக்கறே?"

லோகநாயகி முக்காலியில் உட்காரவில்லை. ஈரத் தரையிலேயே மண்டியிட்டு, மெட்டில்டாவையும் கைபிடித்துப் பக்கத்தில் உட்காரவைத்தாள்.

"சித்தி" என்றாள். "அப்பா போயிட்டாரு சித்தி."